படிவத்தில் இல்லாத கேள்விகள்

(நலவாழ்வு ஆய்வுகளுக்காக வீடு வீடாகச் செல்லும் கள ஆய்வாளர்கள், அவர்களை அனுப்பும் ஆய்வாளர்கள், அவர்களுக்கு உட்கார இடம் கொடுத்துப் பதில் சொல்லும் பொதுமக்கள் என மூன்று தரப்பிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைக் காக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு ஊருக்குள் போன பிறகு, யாரும் எதிர்பார்த்திராத ஒன்று எதிரே வந்து நின்றால் என்ன செய்வது என்பதே பெரும்பாலான கடிதங்களின் சாரம். எழுதியவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறோம். பதில் அளிப்பவர், சமுதாய மருத்துவத் துறையில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற மருத்துவர்.)

கேள்வி: இரத்த அழுத்தக் கணக்கெடுப்பில் வேலை செய்கிறேன். ஒரு பாட்டிக்கு அளந்தபோது 210/120 காட்டியது. அளவைப் பதிவு செய்துவிட்டு, அச்சிட்ட பரிந்துரைச் சீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. பாட்டியோ, "ஆட்டைப் பட்டியில அடைக்க ஆளில்ல, நாளைக்கு நூறு நாள் வேலை இருக்கு, ஆஸ்பத்திரிக்கெல்லாம் வர முடியாது" என்று சொல்லிவிட்டார். நான் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மனம் ஒப்பவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்? (கள ஆய்வாளர், தர்மபுரி மாவட்டம்)

முதலில், அந்த அளவு சரிதானா என்பதைப் பார்த்திருக்க வேண்டும். வெயிலில் ஆடு ஓட்டி வந்தவரை உட்காரவைத்து உடனே பட்டையைச் சுற்றினால் அளவு ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் பேசவிடாமல், முதுகு சாய்ந்திருக்க, பாதங்கள் தரையில் பதிந்திருக்க உட்காரவைத்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் 180/120-க்கு மேல் இருந்தால், அடுத்து கேட்க வேண்டியவை உங்கள் வினாத்தாளில் இருக்கின்றனவோ இல்லையோ, கேட்டே ஆக வேண்டும். நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, பார்வை மங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, கை கால் ஒரு பக்கம் மரத்துப்போகிறதா, தாங்க முடியாத தலைவலி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அங்கிருந்தே 108-ஐ அழைக்க வேண்டும். ஆய்வு அந்த வீட்டோடு அன்றைக்கு நிற்கட்டும். இவை எதுவும் இல்லையென்றால் அலறத் தேவையில்லை. அத்தகையவருக்கு அழுத்தத்தைச் சட்டென்று இறக்குவதே ஆபத்து. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் பிரஷர் மாத்திரையில் ஒன்றை வாங்கிப் போடச் சொல்லும் உபகாரத்தை மட்டும் யாரும் செய்துவிடக் கூடாது. அன்றோ மறுநாளோ ஒரு மருத்துவரின் பார்வைக்கு அவர் வந்தால் போதும்.

அவர் வர மறுத்ததற்குச் சொன்ன காரணங்களை நீங்கள் அப்படியே எழுதியிருக்கிறீர்கள்; விடையும் அங்கேதான் இருக்கிறது. அவர் வைத்தியம் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆட்டை விட்டுவிட்டு வர முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆட்டைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் ஆள் கேட்டிருக்கலாம். கிராம சுகாதார செவிலியருக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் அந்த ஊருக்கு வருகிறவர்தான். அவர் வழியாக ஏற்பாடு செய்தால், ஒருமுறை மருத்துவர் பார்த்துச் சீட்டு எழுதிய பிறகு மாத்திரை வீடு தேடி வரும் என்று சொன்னால், எத்தனையோ பேர் அந்த ஒருமுறைக்கு இணங்கிவிடுவார்கள். எல்லாம் சொல்லியும் அவர் மறுத்தால் அது அவருடைய உரிமை. ஆனால் ஆபத்தைப் புரிந்துகொண்டு மறுப்பது வேறு, சீட்டில் இருப்பதைப் படிக்கத் தெரியாமல் மறுப்பது வேறு.

இவ்வளவையும் தனியாக நின்று செய்யும்படி உங்களை அனுப்பியது யார் என்ற கேள்வியை உங்கள் தலைமை ஆய்வாளரிடம்தான் நான் கேட்பேன். நாலாயிரம் பேருக்கு இரத்த அழுத்தம் பார்க்கப் போகிறோம் என்றால், சிலருக்கு அபாய அளவு காட்டும் என்பது எதிர்பாராத சங்கதியே அல்ல. எந்த எண்ணைத் தாண்டினால் எந்த மருத்துவரைக் கூப்பிட வேண்டும், வண்டிச் செலவு எந்தக் கணக்கில் வரும் என்பதையெல்லாம் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும். உங்கள் மனம் ஒப்பாத நிலை இன்னும் தீரவில்லை என்றால், இன்றைக்கே அந்தச் செவிலியருக்குப் பேசுங்கள். பாட்டியின் வீடு உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: முனைவர் பட்டத்துக்காக இளம் தாய்மார்களிடம் இரத்தசோகை பற்றி ஆய்வு செய்கிறேன். ஒரு வீட்டில் மாமனார், "நான் சொன்னா அவ செய்வா" என்று கூறி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வந்தார். மாமியார் கூடவே உட்கார்ந்திருந்தார். அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில் அந்தப் பெண் முழங்கைக்கு மேல் இருந்த கன்றிய தழும்புகளைக் காட்டி, கணவர் அடிப்பதாகச் சொன்னார். என்ன செய்வதென்று தெரியாமல் கேள்விகளைத் தொடர்ந்தேன். (ஆய்வு மாணவி, திருச்சி)

மாமியார் திரும்பி வந்தபோது நீங்கள் இரும்புச்சத்து மாத்திரை பற்றிய கேள்வியில் இருந்தீர்கள் என்றால், அறியாமலேயே சரியானதைச் செய்திருக்கிறீர்கள். பெண்கள் மீதான வன்முறை பற்றிய ஆய்வுகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் அடிநாதமே, தகவலைவிடப் பெண்ணின் பாதுகாப்பு பெரிது என்பதுதான். யாராவது உள்ளே வந்தால் பேச்சைச் சட்டென்று மாற்றிக்கொள்வதற்கென்றே தீங்கற்ற வேறொரு கேள்வித்தொகுப்பைக் கையில் வைத்திருக்கும் வழக்கம் அத்தகைய ஆய்வுகளில் உண்டு. உங்கள் ஆய்வு இரத்தசோகை பற்றியது என்பதால் அந்த முன்னேற்பாடு உங்களிடம் இருந்திருக்காது.

செய்யக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கணவரிடமோ மாமனாரிடமோ நியாயம் கேட்கப் போகாதீர்கள். நீங்கள் புறப்பட்ட பிறகு அந்த வீட்டில் இருக்கப் போவது அந்தப் பெண்தான். பெண்கள் உதவி எண் அச்சிட்ட துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது மெத்தைக்கு அடியிலிருந்து வேறொருவர் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 181 என்பது மூன்று இலக்கம்தான், வாய்மொழியாகச் சொன்னால் மனதில் நிற்கும். அடுத்த முறை இரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்வதற்காக அங்கன்வாடிக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ அவரை வரச் சொல்லலாம். அங்கே தனியாகப் பேசலாம். வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலரையும் பற்றிச் சொல்லலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி விவரம் அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம், ஆனால் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் வயதுவந்த பெண். எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

மாமனாரின் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப் பெரியவரிடம் அனுமதி கேட்பது மரியாதை. அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்வது தவறு. 2009-இல் கம்மம் மாவட்டத்தில் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்ட திட்டத்தில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்ட படிவங்கள் பின்னாளில் நாடாளுமன்றக் குழுவின் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. ஒப்புதல் அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பற்ற சாட்சி ஒருவர் முன்னிலையில் கைநாட்டு வைக்கலாம். சார்பற்ற சாட்சி என்றால் மாமனார் அல்லர்.

கேள்வி: மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலை டேப்லெட்டில் நிரப்பிக்கொண்டிருந்தேன். "இருப்பதைவிட இறந்துபோவதே மேல் என்று தோன்றியதா" என்ற கடைசிக் கேள்விக்கு ஒரு விவசாயி, "தினமும்தான்" என்றார். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு தம்பி" என்றும் சொன்னார். என்ன சொல்வதென்று தெரியாமல் தலையாட்டிவிட்டேன். (கள ஆய்வாளர், பெயரும் ஊரும் வேண்டாம்)

காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கக் கூடாது. நீங்கள் தலையாட்டியதை அவர் வாக்காகவே எடுத்துக்கொண்டிருப்பார். அதனால் தாமதிக்காமல் போய், "அண்ணே, நீங்க சொன்னதை ஊர்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா உங்க உயிர் சம்பந்தப்பட்டதை எங்க டாக்டர்கிட்ட மட்டும் சொல்லாம இருக்க என்னால முடியாது" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில் இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டவர்கள் குறைவு. பலருக்கு, ஒருவராவது பொருட்படுத்தினாரே என்ற ஆறுதல்தான் முகத்தில் தெரியும்.

அந்தப் பட்டியலின் கடைசிக் கேள்வி கடந்த 2 வாரங்களைப் பற்றியது. 'கிட்டத்தட்ட தினமும்' என்று தொட்டுப் பதிந்த பதில் அன்றிரவு ஒரு கணினிக்குப் போய், மூன்று மாதம் கழித்து ஒரு புள்ளியியலாளர் கண்ணில் 'மூன்று' என்ற எண்ணாகப் படும் என்றால், அந்தக் கேள்வியைக் கேட்கவே நமக்குத் தகுதி இல்லை. பதிலைப் பதிந்த அந்த நிமிடமே கள ஆய்வாளர் செய்ய வேண்டியது உண்டு. எப்படிச் செய்துகொள்வது என்று யோசித்து வைத்திருக்கிறாரா, முன்பு முயன்றது உண்டா, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, இருந்தால் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம் ஆதாரமற்றது. திட்டம் இருக்கிறது, மருந்து பரணில் இருக்கிறது என்றால் அவரைத் தனியாக விட்டு வரக் கூடாது. அவர் நம்பும் ஒருவரை, அது தம்பியோ மகளோ பக்கத்துத் தோட்டக்காரரோ, அவரைக் கேட்டுக்கொண்டு அழைத்துவைத்து, மருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் செய்து, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அன்றே சேர்ப்பிக்க வேண்டும். அவ்வளவு அவசரம் இல்லையென்றால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்கோ சுகாதார உதவி எண் 104-க்கோ நீங்கள் உடனிருக்கும்போதே அவரைப் பேசவைக்கலாம். எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வாய் திறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது. இதை அவருக்கும் வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: கர்ப்பிணிகளின் உணவுப் பழக்கம் பற்றிய ஆய்வில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். திருமணம் ஆகிவிட்டது என்கிறார்கள். ரகசியம் காப்போம் என்று படிவத்தில் எழுதியிருக்கிறோம். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமோ தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவித்தால் அந்தக் குடும்பம் இனி சுகாதார நிலையத்துப் பக்கமே வராதே? (உதவிப் பேராசிரியர்)

உங்கள் கவலை நியாயமானது, ஆனால் தெரிவிப்பதா வேண்டாமா என்பதில் உங்களுக்குத் தேர்வு இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குற்றம் நடந்திருப்பது தெரிந்த எவரையும் கட்டுப்படுத்துகிறது. தெரிவிக்கத் தவறினால் 21-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க இடம் உண்டு. திருமணம் ஆகிவிட்டது என்பதும் விலக்கு அல்ல, 18 வயதுக்கு உட்பட்ட மனைவி விஷயத்தில் இருந்த விதிவிலக்கை 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. 2022 செப்டம்பரில் அதே நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை வெளியிடாமல் மருத்துவர் தகவல் தரலாம் என்றது. ஆனால் அந்தச் சலுகை மருத்துவருக்கு, அந்தச் சூழலுக்கு மட்டும். ஆய்வாளர் அதில் தஞ்சம் புக முடியாது.

எப்படித் தெரிவிப்பது என்பதில்தான் உங்கள் விவேகத்துக்கு வேலை இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் போனால், அவளைப் பொறுத்தவரை நீங்கள் காட்டிக்கொடுத்தவர். நிறுவனத்தின் சட்ட ஆலோசகரையும் நெறிமுறைக் குழுச் செயலரையும் அன்றே கலந்துகொண்டு, குழந்தைகள் நலக் குழுவோடு தொடர்பில் இருக்கும் சமூகப் பணியாளர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, அவளிடமும் அவளுடைய தாயிடமும் என்ன நடக்கும், எதற்காக என்று விளக்குங்கள். இரத்தசோகை, இரத்த அழுத்தம் இரண்டையும் உடனே பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அந்த வயதுக் கர்ப்பத்தில் இரண்டும் உயிரோடு விளையாடுபவை. வழக்கு எந்த வேகத்தில் நகர்ந்தாலும் அவளுடைய பிரசவம் வரை அவளிடம் நலம் விசாரித்துக்கொண்டிருக்க ஒருவர் இருக்க வேண்டும் என்பதை உங்கள் துறையின் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'உங்கள் தகவல் முற்றிலும் ரகசியமாக வைக்கப்படும்' என்ற வரியை எத்தனையோ படிவங்களில் பார்த்துவிட்டேன், அது உண்மை இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தும் இடங்களில் ரகசியம் காக்க இயலாது என்பதைப் பேட்டிக்கு முன்பே சொன்னால் சிலர் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் போகலாம். உங்கள் புள்ளிவிவரத்துக்கு அது குறைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: எங்கள் ஆய்வுக்குப் பெரிதும் உதவிய ஊராட்சித் தலைவர், காசநோய் உறுதியானவர்களின் பட்டியலைக் கேட்கிறார். அவர்களுக்குச் சத்துணவு ஏற்பாடு செய்யத்தான் என்கிறார். மறுத்தால் ஊருக்குள் வேலை செய்ய முடியாது. (திட்ட ஒருங்கிணைப்பாளர்)

கொடுக்கக் கூடாது. அவருடைய எண்ணம் நல்லதாகவே இருந்தாலும், பட்டியல் அவர் மேசையில் கிடக்கும்போது அதைப் படிப்பவர்கள் எல்லோருக்கும் அதே எண்ணம் இருக்காது. காசநோய் 2012 முதலே அறிவிக்கப்பட வேண்டிய நோய். ஆனால் அறிவிக்க வேண்டியது அரசின் நிக்‌ஷய் பதிவேட்டில், ஊராட்சி அலுவலகத்தில் அல்ல. சத்துணவுக்கான உதவித்தொகையும் அந்தப் பதிவு வழியாகவே நோயாளியின் கணக்குக்கு வருகிறது. தலைவர் உதவ விரும்பினால், மாவட்டக் காசநோய் மையத்திடம் தெரிவிக்கட்டும்; உதவியை ஏற்க விரும்பும் நோயாளியை மையமே கேட்டுச் சொல்லும். "உங்களுக்குக் கொடுத்தால் நாளை உங்கள் வீட்டு விஷயத்தையும் இன்னொருவருக்குக் கொடுத்தவர்கள் என்று ஆகிவிடுவோம் ஐயா" என்று ஒருமுறை மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலான தலைவர்களுக்கு அது விளங்கும்.

பெயர் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் கொடுக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். நாற்பது வீடுகள் உள்ள காலனியில் மூன்று பேர் என்று சொன்னால் அன்று மாலைக்குள் அந்த மூன்று பெயர்களும் டீக்கடையில் இருக்கும். இன்னொன்று, திட்டத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிய ஜீப்பை நோயாளியின் வீட்டு வாசலில் நிறுத்துவது. பட்டியலைப் பூட்டி வைத்துவிட்டு வண்டியை இப்படி நிறுத்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். எச்ஐவி தொடர்பான ஆய்வுகளில் இது வெறும் கவனக்குறைவாக முடியாது. 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம் ஒருவருடைய நிலையை வெளிப்படுத்துவதையே தடை செய்கிறது.

கேள்வி: ஆய்வில் பங்கேற்பவர்களிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது எங்கள் விதி. வெயிலில் போகிறோம், தண்ணீர் மோர் தருகிறார்கள். மறுக்க வேண்டுமா? (களப்பணியாளர்கள் மூவர்)

குடியுங்கள். விதி எழுதியவர் பணத்தையும் பரிசையும் மனதில் வைத்து எழுதியிருப்பார். தலித் குடியிருப்பில் ஒருவர் நீட்டிய சொம்பை வேண்டாம் என்று சொல்வதற்கு நம் ஊரில் என்ன பொருள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும். மேலத்தெருவில் காபி குடித்துவிட்டுக் கீழத்தெருவில் பாட்டில் தண்ணீரைத் திறப்பவருக்கு அதற்குப் பிறகு அங்கே உண்மையான பதில் ஒன்றும் கிடைக்காது. கோழி அடித்து விருந்து வைக்கிறேன் என்பவரிடம் மட்டும் அன்பாகக் கைகூப்பிவிடுங்கள்.

கேள்வி: வருஷா வருஷம் யாராவது வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ரிசல்ட் என்ன என்று இதுவரை ஒருத்தரும் வந்து சொன்னதில்லை. எங்களுக்கு இதில் என்ன உரிமை இருக்கிறது? (சுய உதவிக் குழுத் தலைவி, விழுப்புரம் மாவட்டம்)

அம்மா, இந்தக் கடிதத்தை எல்லா ஆய்வாளர்களும் படிக்க வேண்டும் என்றுதான் கடைசியில் வைத்திருக்கிறேன். 1956-இல் சென்னையில், காசநோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரைக் குடிசை வீட்டிலேயும் வைத்து ஓராண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாமல் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. காசநோய்க்கு வீட்டிலேயே வைத்தியம் என்ற முறை உலகமெங்கும் பரவியதற்கு அந்த ஏழைக் குடும்பங்கள் கொடுத்த தகவல்தான் அடிப்படை. உங்களிடமிருந்து எடுத்துச் செல்வது அவ்வளவு மதிப்புள்ளது.

உங்களுடைய சொந்தப் பரிசோதனையில் வைத்தியம் தேவைப்படும் குறை ஏதும் தெரிந்தால் அதை உங்களுக்குச் சொல்லி, எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவது ஆய்வாளரின் கடமை. ஆய்வின் மொத்த முடிவையும் ஊருக்குத் திரும்ப வந்து சொல்ல வேண்டும் என்றுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளும் எதிர்பார்க்கின்றன. கையெழுத்து வாங்கும்போது தகவல் தாள் ஒன்றைத் தர வேண்டும். அதில் ஆய்வாளரின் எண்ணும் நெறிமுறைக் குழுவின் எண்ணும் இருக்கும். பலர் அதை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள், உங்கள் குழுக் கூட்டத்துக்கு எல்லோரும் எடுத்து வரச் சொல்லுங்கள். எந்த ஆய்வின் முடிவு வரவில்லையோ அந்த நெறிமுறைக் குழுவுக்கு நேரடியாகப் பேசலாம், எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, ஆய்வாளரின் அனுமதியும் தேவையில்லை. அடுத்த முறை ஊசியோடு வருபவரிடம், கை நீட்டுவதற்கு முன்பே, முடிவை எந்த மாதம், எங்கே, யார் வந்து சொல்வார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் அரசு ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய எந்த வைத்தியமும் நிற்காது.